தாத்தாவின் குரல், படங்கள், கடிதங்கள்: எதை முதலில் காப்பாற்றுவது?

மழைச்சாரல்:

தாத்தா தவறி மூன்று வாரம் ஆகிறது. அவர் இருந்த வீட்டை அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அவசரத்தில் எதையாவது பாழாக்கிவிடுவோமோ என்று பயமாக இருப்பதால் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆறு ஆடியோ கேசட் இருக்கின்றன. ஐந்து 60 நிமிடம், ஒன்று 90. அவர் கதை சொன்னது, வாசித்துக் காட்டியது, சும்மா பேசிக்கொண்டிருந்தது எல்லாம் கலந்து பதிவாகியிருக்கிறது. ஒரு கேசட்டில் நாடாச் சுருளின் ஓரமாக வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. இன்னொன்றைப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அமுங்கிக் கேட்கிறது. அடுத்து, பக்கம் முழுக்கப் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற வகை ஆல்பம் இரண்டு. தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள், எண்பதுக்கு மேல் இருக்கும். கடைசியாக அவருடைய ஆண்ட்ராய்டு ஃபோன். அதைத் திறக்கும் எண் தெரியும்.

எதில் தொடங்குவது? கேசட்டை வீட்டிலேயே கணினிக்கு மாற்ற முடியுமா? இரைச்சலை நீக்க வேண்டுமா? மங்கிப்போன முகங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் தெளிவாக்கலாம் என்கிறார்கள், அது சரியா? ஆல்பத்தைப் பிரித்துப் பேரப்பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் பேச்சு நடக்கிறது.

ஒலிப்பேழை:

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். முதலில் ஃபோன், பிறகு கேசட், அதன் பின் மற்றவை. காகிதமும் படமும் இன்னும் சில வருடம் பொறுக்கும். ஃபோனில் இருப்பதோ ஒரே ஒரு தவறான பொத்தானில் போய்விடும்.

அவருடைய ஃபோன் எண்ணின் இணைப்பை இப்போதைக்கு ரத்து செய்யாதீர்கள். மின்னஞ்சல், வாட்ஸ்ஆப் எதைத் திறக்கப் போனாலும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும். வாட்ஸ்ஆப் கணக்கு 120 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் நீக்கப்படுகிறது. கூகுள் கணக்குக்கு அந்தக் கெடு 2 வருடம். ஃபோனை மின்னேற்றி வையுங்கள். யார் கேட்டாலும் ‘ரீசெட்’ செய்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

ஃபோனைக் கணினியோடு யுஎஸ்பி கம்பியில் இணைத்து முழு நினைவகத்தையும் அப்படியே நகலெடுங்கள். படங்களும் வீடியோக்களும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். பலர் விட்டுவிடுவது வாட்ஸ்ஆப் குரல் செய்திகளை. அவை ‘ஆண்ட்ராய்டு’ கோப்புறைக்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்ஆப் பெயரில் உள்ள கோப்புறை என்று போனால் ‘வாய்ஸ் நோட்ஸ்’ என்ற இடத்தில் வாரவாரியாகப் பிரித்துக் கிடக்கும். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் இருக்கும், அந்தப் பெயரை மாற்றாதீர்கள். அவை ஓப்பஸ் வகைக் கோப்புகள். சில பிளேயர்களில் ஓடாது. ஓடவில்லை என்று அழித்துவிடாமல் அப்படியே எடுத்து வையுங்கள். இன்னொரு ஃபோனை ஸ்பீக்கர் அருகே பிடித்துப் பதிவு செய்வது வேண்டவே வேண்டாம், பாதித் தரம் அங்கேயே போய்விடும்.

அவர் அனுப்பிய குரல் செய்திகள் வாங்கியவர்களின் ஃபோனிலும் இருக்கும். அத்தை, பெரியப்பா, அவருடைய நண்பர்கள் என்று ஒவ்வொருவரிடமும் இந்த வாரமே கேளுங்கள். அவர்கள் உங்களுக்கு ஒவ்வொன்றாக ‘ஃபார்வர்டு’ செய்தால் பழைய தேதி போய்ப் புதுத் தேதி வந்துவிடும். அந்த உரையாடலைத் திறந்து ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, மீடியாவோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது எந்த நாளில் என்ன பேச்சுக்குப் பதிலாக அவர் அதைச் சொன்னார் என்பதும் கூடவே வரும்.

இனி கேசட்.

எதையும் ஓட்டுவதற்கு முன் ஆறு கேசட்டின் மேல் விளிம்பிலும் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அதன் பின் ரெக்கார்ட் பொத்தான் அழுந்தாது. தவறிப்போய் அவர் குரல் மேல் வேறெதுவும் பதியாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

வெள்ளை படிந்த கேசட்டை இப்போது தொடவேண்டாம். பூஞ்சையாக இருந்தால் அதன் வித்துகள் டேப் ரிக்கார்டருக்குள் போய் அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியாக ஒரு காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

அமுங்கிக் கேட்கும் கேசட்டில் நாடா கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கேசட்டின் திறந்த பக்கத்தில், நடுவில், ஒரு சின்னப் பஞ்சுத் திண்டு மெல்லிய செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். டேப் ரிக்கார்டரில் ஒலியைப் படிக்கும் உலோகப் பகுதியான ஹெட்டின் மேல் நாடாவை அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய பசை காய்ந்து அந்தத் திண்டு விழுந்துவிட்டால் நாடா ஹெட்டைச் சரியாகத் தொடாது, ச, ஸ போன்ற கூர்மையான ஒலிகளெல்லாம் மறைந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். திண்டு இல்லையென்றால் நாடாவை வேறு கூட்டுக்கு, அதாவது வேறு கேசட்டின் பிளாஸ்டிக் பெட்டிக்கு, மாற்ற வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் திருகாணி உள்ள ஐந்து திருகாணிக் கேசட் ஒன்றை, தேவையில்லாத பதிவுள்ளதாகப் பார்த்து எடுங்கள். இரண்டையும் மேசையில் படுக்கவைத்து, மேல் மூடியை மட்டும் மெல்லத் தூக்குங்கள். நாடா எந்த உருளைக்கு வெளியே, எந்த முளைக்கு உள்ளே போகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு சுருள்களைத் தூக்கி வையுங்கள். இரு பக்கமும் இருக்கும் வழவழப்பான மெல்லிய தாள்களை விட்டுவிடாதீர்கள், அவை இல்லாவிட்டால் சுருள் உரசி நின்றுவிடும். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய கேசட்டாக இருந்தால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். அதைப் பழகாத கையால் செய்யாதீர்கள்.

டேப் ரிக்கார்டரை முதலில் வேறு ஒரு கேசட்டில் முழுதாக ஓட்டிப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால், எடுக்கும் பக்கச் சுருள் சுற்றாமல் நாடா உள்ளே போய்ச் சிக்கி நசுங்கும். ஹெட்டையும் அருகிலுள்ள உலோகத் தண்டையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள், பழுப்பு நிறம் வராத வரை. ரப்பர் உருளைக்கு லேசாக ஈரமான துணி போதும்.

வருடக்கணக்கில் கிடந்த நாடாவில் சுற்று இறுக்கம் ஒரே சீராக இருக்காது. ஆகவே ஒவ்வொரு கேசட்டையும் கடைசி வரை ஒருமுறை முன்னோட்டி, திரும்பப் பின்னோட்டி, அதன் பிறகே பிளே செய்யுங்கள். 

கம்பி: ‘லைன் அவுட்’ இருந்தால் அதிலிருந்து, இல்லாவிட்டால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து. மடிக்கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள். அது மைக்கின் மெல்லிய சைகைக்காகச் செய்தது, ஒலி பிளந்து போகும். ‘லைன் இன்’ உள்ள சின்ன யுஎஸ்பி ஆடியோ கருவி வேண்டும். கணினியில் ஒலி மேம்பாடு, இரைச்சல் தடுப்பு, தானியங்கி ஒலியளவு என்று இருப்பதையெல்லாம் அணைத்துவிடுங்கள். இவை அணையாமல் இருந்தால் தாத்தா ஒவ்வொரு வாக்கியம் தொடங்கும்போதும் முதல் எழுத்து வெட்டுப்படும்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு. சாதாரணப் பேச்சு -12 டெசிபல் பக்கம் நிற்கும்படி அளவு வையுங்கள், சிரிப்பும் இருமலும் திடீரென்று எகிறும்போது இடம் வேண்டும். உங்கள் ஆறு கேசட்டும் சேர்ந்து ஆறரை மணி நேரம். ஸ்டீரியோவாக (இடம், வலம் என்று இரண்டு தடமாக) பதிவு செய்தால் மணிக்கு சுமார் 1 ஜிகாபைட், மொத்தம் 7 ஜிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க எம்பி3 ஆக்க வேண்டிய தேவையே இல்லை. உறவினர்களுக்கு அனுப்ப வேண்டுமானால் பிறகு தனியாக எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

ஓடவிட்டு வேறு வேலைக்குப் போகாமல் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே இருங்கள். குரல் மங்கினால், ஹெட்டின் பக்கத்தில் சுருள்வில்லோடு இருக்கும் சின்னத் திருகாணியைக் கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ச, ஸ எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அதுதான் அந்தக் கேசட்டுக்கான நிலை. முதலில் இருந்த இடத்தை மார்க்கரால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். பதிவு செய்த கருவிக்கும் இந்தக் கருவிக்கும் ஹெட்டின் சாய்வு வேறாக இருப்பதால்தான் இது தேவைப்படுகிறது. கேசட்டுக்குக் கேசட் மாறவும் மாறும்.

பக்கத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோப்பாக எடுங்கள். நடுவில் வரும் மௌனம், செருமல், நாற்காலி நகரும் சத்தம், பின்னால் குழந்தை கூப்பிடுவது, எதையும் வெட்டாதீர்கள். கதையை வேறு யாரும் சொல்லிவிடலாம், அந்தச் செருமல் அவருடையது.

வெள்ளியுப்பு:

படங்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆல்பத்தைப் பிரிப்பதற்கு முன், அதை அப்படியே பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படத்தை வைத்தார் என்பது அவர் எடுத்த முடிவு. தேதி தெரியாத ஒரு படத்துக்குப் பக்கத்துப் படம்தான் பல நேரம் சாட்சி. இது முடியாமல் ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்தால் அந்த வரிசையைத் திரும்பக் கட்டவே முடியாது. அசல் யாரிடம் போனாலும் பரவாயில்லை, முழு ஸ்கேன் எல்லாரிடமும் இருக்கட்டும்.

பசைப் பக்க ஆல்பம் படங்களுக்கு எதிரி. பசை வருடம் ஆக ஆக இறுகிப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொள்ளும், மேல் பிளாஸ்டிக் சில வேளை படத்தின் முகத்தோடு ஒட்டும். நகத்தால் மூலையைத் தூக்கி உரித்தால் படம் மடிந்து, மேல் பூச்சில் வெள்ளைக் கோடு விழும். மெழுகு பூசாத டென்டல் ஃபிளாஸ் நூலை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்து, படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மூலையிலிருந்து மெதுவாகக் கொண்டுபோங்கள். தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எதிர் மூலையிலிருந்து வாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பக்கத்தையே படத்தைச் சுற்றி வெட்டி எடுத்துவிடலாம். முதுகில் கொஞ்சம் அட்டை ஒட்டிக்கொண்டு இருப்பது ஒரு குறையே இல்லை. ஹேர் டிரையர் காட்டச் சொல்வார்கள். சூடு அதிகமானால் பசை இளகி இன்னும் ஊறும், படம் சுருளும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுக்காதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். படத்தின் உருவம் இருப்பது ஜெலட்டின் என்ற மெல்லிய பூச்சில். ஈரம் பட்டு அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு காய்ந்திருக்கிறது. இழுத்தால் பிய்வது காகிதம், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். பின் அட்டையையும் சட்டத்தையும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, கண்ணாடியோடு ஸ்கேனரில் கவிழ்த்து ஸ்கேன் செய்யுங்கள். சில ஸ்கேனர்களில் கண்ணாடித் தடிமன் அளவுக்குத் தள்ளி இருந்தாலே படம் மங்கும். அப்படியானால் கேமராதான் வழி: வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம், ஃபிளாஷ் அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு எடுங்கள். கண்ணாடியில் பிரதிபலிக்க எதுவும் இருக்காது. அதன் பிறகு அந்தக் கண்ணாடியும் படமும் சேர்ந்தபடியே இருக்கட்டும். உடையாமல் அட்டைக்குள் வைத்தால் போதும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் அது படப் பாதுகாப்பு வல்லுநர் வேலை.

ஸ்கேன் அளவு பற்றிக் குழம்ப வேண்டாம். 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 2400×3600 புள்ளி கிடைக்கும், அதை 300 டிபிஐயில் அச்சிட்டால் 12 அங்குல உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டலாம். பாஸ்போர்ட் அளவுச் சின்னப் படங்களுக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், கறை எது உருவம் எது என்று பிறகு பிரிக்க அந்த வண்ணத் தகவல் உதவும். சேமிப்பது டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் வகை) கோப்பாக. ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல் எல்லாம் அணைந்திருக்கட்டும். துணியால் துடைத்தால் தூசி கீறிவிடும். காற்று ஊதும் ரப்பர் குமிழால் ஊதினால் போதும்.

படத்தின் முதுகையும் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். கையெழுத்து, ஸ்டூடியோ முத்திரை, சில படங்களில் கழுவிய மாதம்கூட அங்கே இருக்கும். புதிதாக எழுதுவதானால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்திய தடம் முகத்தின் பக்கம் புடைத்துத் தெரியும். பழைய காகிதப் படங்களில் மென்மையான பென்சில். பின்னால் வழுவழுப்பாக இருக்கும் பிற்காலப் படங்களில் பென்சில் பிடிக்காது, அவற்றை ஒரு காகித உறையில் போட்டு உறையின் மேல் எழுதுங்கள். எழுதிவிட்டுப் போடுங்கள், போட்டுவிட்டு எழுதாதீர்கள். லேமினேட் செய்யலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள்: கூடாது. சூடும் பசையும் சேர்ந்தபின் திரும்ப வழியே இல்லை.

நெகட்டிவ் இருக்கிறதா என்று அலமாரிகளை நன்றாகத் தேடுங்கள். நெகட்டிவிலிருந்து எடுப்பது அச்சிட்ட படத்தைவிடத் தெளிவு. திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் அந்தச் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 

செயற்கை நுண்ணறிவு கேட்டிருந்தீர்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிறம் சரிசெய்வது, கறை நீக்குவது வேறு. பழைய வண்ணப் படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்து எல்லாம் சிவந்து தெரியும், அதைச் சமன்படுத்தலாம், அங்கே இருந்ததைத்தான் மீட்கிறீர்கள். முகத்தைத் ‘தெளிவாக்கும்’ செயலி செய்வது அதுவல்ல. கூட்டப் படத்தில் முகம் நாற்பது புள்ளி அகலம்தான் இருக்கும். அதில் இல்லாத கண் இமையையும் பல் வரிசையையும் அது வேறு ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்து வரைகிறது. மச்சம் போய்விடும், ஒரு பக்கம் ஏறியிருந்த புருவம் நேராகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், தாத்தாவாக இருக்காது. அவரை நேரில் பார்க்காத குழந்தைகளுக்கு அந்த முகமே அவர் முகம் என்று பதிந்துவிடும். யாராவது செய்தே தீருவேன் என்றால் கோப்பின் பெயரிலேயே ‘செயலியில் மாற்றியது’ என்று எழுதச் சொல்லுங்கள்.

மழைச்சாரல்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபோனை முழுதாக நகலெடுத்தாயிற்று. கேசட்டில் இரண்டு சந்தேகம். 90 நிமிடக் கேசட்டில் அவர் குரல் தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக வேகமாகி முடிவில் சிறுபிள்ளை பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. மற்ற கேசட்கள் அதே கருவியில் சரியாக ஓடுகின்றன. இரண்டாவது, இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டுப் பார்த்ததில் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது.

ஒலிப்பேழை:

முதலாவது, பதிவு செய்த நாளில் பேட்டரி இறங்கியதால் வந்தது. பேட்டரி தளரத் தளரப் பதிவுக் கருவியின் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கும். மெதுவாகப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் உயர்ந்து வேகமாகும். நாடாவில் பழுது எதுவும் இல்லை, நகலில் சரிசெய்துவிடலாம்.

ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றினால் குரல் தணியும், பேச்சு அவசரமாகவே இருக்கும். எவ்வளவு மாற்றுவது என்பதுதான் கேள்வி. பதிவின்போது அருகில் மின்கருவி எதாவது ஓடியிருந்தால் மெல்லிய ‘ம்ம்ம்’ இரைச்சல் பதிவாகியிருக்கும். அது அந்த நாட்டு மின்சாரத்தைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸில், அல்லது அதன் இரு மடங்கில் இருக்க வேண்டும். அலைவரிசை வரைபடத்தில் 50 இருக்க வேண்டிய இடத்தில் 55 காட்டினால் அந்தப் பகுதி 10 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 50ஐ 55ஆல் வகுத்தால் 0.909, ஆகவே வேகத்தை 9.1 சதவீதம் குறைக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த இரைச்சல் இப்போது ஓட்டும் கருவியிலிருந்தே வரலாம். கேசட்டை நிறுத்திய பிறகும் அது கேட்டால் அளவுகோலாகப் பயன்படாது.

பேட்டரியில் ஓடிய கருவியாக இருந்தால் மின் இரைச்சல் சுத்தமாக இல்லாமலும் போகலாம். அப்போது காதுதான் கருவி. பதிவில் பின்னணியில் ஏதாவது பாட்டு ஓடினால் அதன் அசல் சுருதியோடு ஒப்பிடலாம். இல்லையென்றால் அவரை நன்றாக அறிந்த இருவரை உட்காரவைத்து, 5 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சரியான குரல் என்று இருவரும் ஒப்பும் வரை சிறிது சிறிதாகக் குறையுங்கள். பாட்டி இருந்தால் அவர் சொல்வதே முடிவு. ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை சதவீதம் என்று எழுதி வையுங்கள்.

இரைச்சல் விஷயம்: அளவை அதிகமாக, 12 டெசிபல்போல் போட்டிருப்பீர்கள். பேச்சுக்கு 6 போதும். அவர் பேசாமல் இருக்கும் ஒன்றிரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுக்கும்போது அதில் மூச்சுச் சத்தம் கலந்திருந்தால், மென்பொருள் மூச்சையும் இரைச்சல் என்று எண்ணிக் குரலிலிருந்தே பிடுங்கும். நாடா இரைச்சல் மட்டும் கேட்கும் இடமாகப் பாருங்கள். காதுக்கு ‘உஸ்’ கொஞ்சம் கேட்பது நல்லது, மூளை அதைச் சீக்கிரம் மறந்துவிடும், தண்ணீர்க் குரலை மறக்காது. எல்லாம் நகலில்தான். அசல் வேவ் கோப்பை ‘மூலம்’ என்ற கோப்புறையில் போட்டு, படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள்.

இன்னொன்று. மோனோப் பதிவை (ஒரே தடமாகப் பதிந்ததை) ஸ்டீரியோவில் எடுத்தால் இரண்டு தடத்திலும் ஒரே குரல் வரும். அவற்றைக் கலக்காமல், எது தெளிவோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட் சாய்வில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் இரண்டையும் கூட்டும்போது கூர்மையான ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

தென்றல்வழி:

கேசட்டைப் போட்டால் நேராக எம்பி3 ஆக்கும் சின்ன யுஎஸ்பி வாக்மேன் கருவிகள் கிடைக்கின்றனவே, அவை போதாதா? கேசட்டை அடுப்பில் சூடாக்கினால் பழைய நாடா சரியாகும் என்றும் ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ஒலிப்பேழை:

அந்தக் கருவிகளில் வேகம் சீராக இருப்பதில்லை, நீளமான உயிரெழுத்துகள் நடுங்கும். ஒலியளவையும் உங்களால் கட்டுப்படுத்த முடியாது. வேறு வழியே இல்லை என்றால் பயன்படுத்துங்கள், ஆனால் கேசட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், பின்னால் நல்ல கருவி கிடைக்கும்போது திரும்ப எடுக்கலாம்.

சூடாக்குவது பிசுபிசுத்துப்போகும் சில வகைப் பெரிய ரீல் நாடாக்களுக்கு, வெப்பம் துல்லியமாகக் கட்டுப்படும் கருவியில் செய்வது. சாதாரணக் கேசட்டுக்கு அது தேவையே இல்லை. வீட்டு அடுப்பில் வைத்தால் கூடும் நாடாவும் வளைந்துவிடும்.

காகிதக்கட்டு:

கடிதங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே நான்.

பெட்டியில் கிடக்கும் வரிசையைக் கலைக்காதீர்கள். தேதிவாரியாக அடுக்கத் தோன்றும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தால் அதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று ஒவ்வொன்றுக்கும் பென்சிலில், மூலையில், எண் போடுங்கள். பல தாள் கடிதமென்றால் 14-1, 14-2. பிறகு கணினியில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

குண்டூசியும் ஸ்டேப்பிளும் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்னும். ஸ்டேப்பிளின் கால்களை நிமிர்த்தி எடுங்கள், இழுக்காதீர்கள். மடிப்பை விரித்து இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம் வைத்தால் சில நாளில் படிந்துவிடும். இஸ்திரிப் பெட்டி கூடாது, ஈரத்துணியும் கூடாது. பேனா மை பல தண்ணீரில் கரைபவை. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் மஞ்சள் பட்டை எழுத்தையும் மூடிவிடும். கிழிந்தது கிழிந்தபடியே ஓர் உறைக்குள் இருக்கட்டும்.

ஸ்கேன் 400 டிபிஐ, வண்ணத்தில். ‘ஆவணம்’ என்ற கறுப்பு வெள்ளை முறையில் போட்டால் மங்கிய பென்சில் எழுத்து காணாமல் போகும். கடித உறையைக் கடிதத்தோடு சேர்த்தே வையுங்கள், உள்ளே தேதி எழுதாதவர்களுக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி. தட்டச்சு செய்யும்போது அவருடைய எழுத்துப்பிழைகளைத் திருத்தாதீர்கள். அவர் பேச்சு எப்படி இருந்தது என்பது அந்தப் பிழைகளில்தான் தெரியும்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள், எல்லாவற்றையும் பகிர வேண்டியதில்லை. கடன், நோய், மனத்தாங்கல் என்று உயிரோடு இருக்கும் வேறொருவரின் அந்தரங்கம் அதில் இருக்கலாம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்று. படமும் குரலும் போவதற்கு முன்பே, அதில் இருப்பவர் யார் என்ற தகவல் போய்விடுகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் படங்களோடு உட்கார்ந்து கேட்பது வீடு காலி செய்வதைவிட அவசரம். ஒரு தடவைக்கு இருபது படத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் களைத்துப்போய் ‘யாரோ தெரியலை’ என்று தள்ளிவிடுவார்கள். ‘இது யார்’ என்று மட்டும் கேட்டால் பெயர் வரும், இல்லையேல் வராது, அதோடு முடிந்துவிடும். ‘இது எந்த வீட்டு வாசல்’, ‘கையில் இருக்கிற குழந்தை யாருடையது’, ‘படம் பிடித்தது யார்’ என்று கேளுங்கள், பெயர் தானாக வந்து விழும். ஃபோனை விமானப் பயன்முறையில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு கையளவு தூரத்தில், மேசை அதிராமல் ஒரு துணியின் மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு படத்தைக் காட்டும்போதும் ‘படம் 37’ என்று வாயால் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சொல்லாவிட்டால், எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

எழுதும்போது முறைப்பெயரை மட்டும் எழுதாதீர்கள். ‘மாமா’ என்று எழுதினால் அது யாருக்கு மாமா? நம் பேச்சில் அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, மனைவியின் அப்பாவும் மாமா. அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் புரியாது. முழுப்பெயர், பிறகு தாத்தாவுக்கு என்ன உறவு என்று எழுதுங்கள்: இன்னார், தாத்தாவின் இரண்டாவது தங்கையின் மகன். உறுதியில்லாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், யார் சொன்னது என்பதையும் சேருங்கள். தேதியும் அப்படியே, ‘1970-75, பெரியம்மா கணிப்பு’ என்பது உண்மையான தகவல். ‘1972’ என்று துணிந்து எழுதிவிட்டால் அந்த ஊகமே வரலாறாகிவிடும்.

இந்தக் குறிப்புகளைச் சாதாரண உரைக் கோப்பில், யூனிகோடில், படங்கள் இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள். ஏதோ ஒரு செயலிக்குள் எழுதி வைத்தால் செயலி போகும்போது அதுவும் போகும்.

நகல் மூன்று: வீட்டுக் கணினி, வெளி ஹார்டு டிஸ்க், வேறு வீட்டில் அல்லது மேகச் சேமிப்பில் ஒன்று. பென்டிரைவை நம்பி மூன்றில் ஒன்றாகக் கணக்கிடாதீர்கள், மின்சாரமே படாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அதில் உள்ளது அழியலாம். வருடத்துக்கு ஒருமுறை, அவர் பிறந்தநாளோ நினைவுநாளோ, ஹார்டு டிஸ்கை இணைத்துச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். அந்த நாளில் குடும்பமே உட்கார்ந்து ஒரு கேசட் பக்கத்தைக் கேட்டால் சோதனையும் ஆயிற்று.

மழைச்சாரல்:

படங்களுக்கு எண் போடத் தொடங்கிவிட்டோம். பெரியத்தை வரும் ஞாயிறு வருகிறார், முதல் இருபது படம் தயார். கடைசியாக அந்த வெள்ளை படிந்த கேசட்?

ஒலிப்பேழை:

சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். பூஞ்சையாக இருந்தால் ஈரம் போனதும் செயலிழந்து பொடியாகும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் நாடா முழுக்க இழுவும். சில நேரம் அது பூஞ்சையே இல்லாமல், நாடாவின் வழுவழுப்புக்காகச் சேர்த்த பொருள் வெளியே கசிந்து வெள்ளையாகப் பூத்ததாகவும் இருக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், நூல் நூலாகக் கிளைத்திருந்தால் பூஞ்சை.

காய்ந்த பிறகு என்95 முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, கூட்டைத் திறந்து மென்மையான தூரிகையால் சுருளின் ஓரத்தைத் துடைத்து, சுத்தமான வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். பழைய கூட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள், ஆனால் அவர் கையால் எழுதிய லேபிள் இருந்தால் படமெடுத்து வைத்துக்கொண்டு பிறகு அகற்றுங்கள். பின் ஒருமுறை முழுக்க மெதுவாகக் கையால் சுற்றுங்கள், பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி. சுருள் எங்காவது ஒட்டிக்கொண்டு ‘டிக் டிக்’ என்று விட்டு விட்டு வந்தால் நிறுத்துங்கள். பூச்சு நாடாவை விட்டு உரியும் சத்தம் அது. அந்த நிலையில் கேசட்டை ஒலிநாடா மீட்கும் வல்லுநரிடம்தான் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது ‘வேவ் கோப்பாக, எந்தத் திருத்தமும் செய்யாமல், கேசட்டையும் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். சத்தமில்லாமல் சுற்றினால் மற்ற ஐந்தும் முடிந்த பிறகு இதை ஓட்டுங்கள். ஓட்டியதும் ஹெட்டையும் உருளையையும் திரும்பத் துடையுங்கள்.

அறுந்திருந்தால் செல்லோ டேப்பால் ஒட்டாதீர்கள், பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டும். கேசட்டுக்கென்றே 3.8 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக ஒட்டுநாடா கிடைக்கும். இரண்டு முனையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துச் சாய்வாக ஒரே வெட்டாக வெட்டி, ஹெட்டைத் தொடாத பக்கத்தில் ஒட்டுங்கள். வெட்டிய துணுக்கு கால் விநாடிகூட இருக்காது.